மாற்று மை: எங்கே மிச்சம், எங்கே நட்டம்

பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பள்ளி அடையாள அட்டைக்கான படங்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படும் மறைந்த பெரியவர்களின் படங்கள் எனச் சிறு ஸ்டூடியோக்களும் ஜெராக்ஸ் கடைகளும் அச்சிட்டுத் தருபவற்றில் பலவும் இன்று இங்க்ஜெட் அச்சுப்பொறிகளிலிருந்தே வெளிவருகின்றன. இந்த அச்சுப்பொறியை ஒருமுறை வாங்கிவிட்டால் முடிந்துவிடுவதில்லை. மை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் மைக்கும், பிற நிறுவனங்கள் அதே அச்சுப்பொறிக்கென்று தயாரித்து விற்கும் மாற்று மைக்கும் விலையில் உள்ள இடைவெளி பெரிது என்பதால், மாற்று மை ஊற்றினால் ஹெட் போய்விடுமா என்ற கேள்வி கடைக்காரர்களிடையே ஓயாமல் எழுகிறது. மாற்று மையின் மேல் சுமத்தப்படும் பழுதுகளில் கணிசமானவை பராமரிப்புக் குறைவால் வருபவை என்பதும், அந்த மையால் உண்மையிலேயே நேரும் இழப்பு அச்சுப்பொறியில் அல்லாமல் அச்சிட்ட படத்தில், அதுவும் காலம் கடந்தே வெளிப்படுகிறது என்பதும் இந்தக் கேள்விக்குள் புதைந்துபோகின்றன.

அச்சுப்பொறியை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் பார்ப்பது இத்துறையின் பழைய வணிக முறை. அதற்கு எதிர்வினையாகவே, தீர்ந்த கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சால் மை ஏற்றுவதும், வெளியே வைத்த டப்பாக்களிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக இடைவிடாமல் மை வரச் செய்வதும் ஆசிய நாடுகளின் பழுதுபார்ப்புக் கடைகளில் பரவின. எப்சன் நிறுவனம் 2010-இல் இந்தோனேசியாவில் டேங்க் வைத்த அச்சுப்பொறிகளை அறிமுகப்படுத்தியபோது, கடைவீதி மெக்கானிக்குகள் ஏற்கெனவே செய்துவந்த ஏற்பாட்டுக்குத்தான் அது தொழிற்சாலை வடிவம் கொடுத்தது. மறுபக்கம், வேறு நிறுவனக் கார்ட்ரிட்ஜைக் கண்டுபிடித்து மறுக்கும் சிப்புகளும் வந்தன. 2016 செப்டம்பரில் எச்பி நிறுவனத்தின் சில அச்சுப்பொறிகள் திடீரென மாற்றுக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. எதிர்ப்பு வலுத்த பின், உரிய முறையில் முன்கூட்டியே தெரிவிக்காததற்கு வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கும் மென்பொருளை நிறுவனம் வெளியிட்டது. ஒரு கார்ட்ரிட்ஜை விற்றதோடு அதன்மேல் உள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகிறது, அதை நிரப்பி மறுபடி விற்பதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில் 2017-இல் தீர்ப்பளித்தது. 2022-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, சிப் இல்லாத தன் டோனர் கார்ட்ரிட்ஜ்களை அலுவலக இயந்திரங்கள் ‘அசல் அல்ல’ என்று எச்சரித்தால் அதை எப்படிக் கடந்து செல்வது என்று கேனன் நிறுவனமே ஜெர்மனியில் தன் வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிக்கொடுக்க நேர்ந்தது இந்த வரலாற்றின் வேடிக்கையான பக்கம்.

எந்த மை பொருந்தும் என்பதை அச்சுத்தலை, அதாவது ஹெட், தீர்மானிக்கிறது. கேனன், எச்பி நிறுவனங்களின் மேசை அச்சுப்பொறிகளில், துளைக்குப் பின்னால் உள்ள நுண்ணிய மின்தகடு கண்ணிமைப்பதற்குள் சூடேறி, மையில் ஒரு நீராவிக் குமிழியை உண்டாக்க, அந்தக் குமிழி ஒரு துளி மையை வெளியே தள்ளுகிறது. எப்சன் அச்சுப்பொறிகளில் வெப்பத்துக்கு வேலையில்லை; மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ என்ற படிகத் தகடு மை அறையை அமுக்கித் துளியை வெளியேற்றுகிறது. ஸ்டூடியோக்களில் அதிகம் காணப்படும் எல்805, எல்1800 போன்றவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகியவற்றோடு லைட் சயான், லைட் மெஜந்தா என ஆறு நிற மைகளைப் பயன்படுத்துபவை. எல்805-இன் மிகச் சிறிய துளி 1.5 பிக்கோலிட்டர், ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளியின் விட்டம் ஏறத்தாழ 14 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 14 பங்கு என்பதால், கண்ணுக்குத் தெரியாத தூசும் துளையை அடைக்கப் போதுமானது.

இவ்வளவு சிறிய துளையில் காய்ந்துவிடாமலும், காகிதத்தில் விழுந்ததும் காய்ந்தும் ஆக வேண்டிய இரட்டை நெருக்கடியில் மை இருக்கிறது. அதனால் அது வெறும் சாயத் தண்ணீராக இருக்க முடியாது. பெரும்பங்கு தூய நீர், ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின், கிளைக்கால் வகைப் பொருள்கள், துளி சீராகப் பிரிந்து விழ உதவும் பரப்புச் செயலிகள், பூஞ்சை பிடிக்காமல் காக்கும் மருந்து ஆகியவை நிறப்பொருளோடு அளவறிந்து சேர்க்கப்படுகின்றன. நிறப்பொருள் நீரில் கரைந்திருந்தால் அது டை மை. கரையாத நுண்துகள்களாக மிதந்தால் அது பிக்மென்ட் மை. கெட்ட மாற்று மை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் கலவையில் ஏதோ ஒன்றைச் சுருக்கிய மை அல்லது சரியாக வடிகட்டப்படாத மை. எந்த மாடலுக்கு என்று குறிப்பிடாமல் ‘எல்லா அச்சுப்பொறிக்கும் ஏற்றது’ என்று மட்டும் அச்சிட்ட புட்டியை வாங்காமலிருப்பதே நல்லது. குமிழி முறைக்கும் பீசோ முறைக்கும் ஒரே மை சமமாகப் பொருந்த வழியில்லை.

ஆனால் நல்ல மையும் ஓடாமல் கிடந்தால் காயும். வேலை இல்லாத நேரத்தில் அச்சுத்தலை வலது ஓரத்துக்குப் போய் ரப்பர் விளிம்புள்ள ஒரு சிறு மூடியின்மேல் அமர்கிறது. அந்த மூடிக்குள் இருக்கும் ஈரம்தான் துளைகளைக் காக்கிறது. அச்சுப்பொறியின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் தலை மூடியில் சரியாகப் போய் அமரும். கடையை மூடும் அவசரத்தில் சுவர் சுவிட்சை நேரடியாக அணைத்துவிடும் வழக்கமும், அச்சிடும்போது நேரும் மின்வெட்டும் தலையை நடுவழியில் திறந்த நிலையில் நிறுத்திவிடுகின்றன; அப்படியே ஓரிரவு கிடந்தால் மறுநாள் காலை முதல் படத்திலேயே கோடு விழும். அச்சுப்பொறியை யுபிஎஸ்ஸில் இணைப்பது மையை மாற்றுவதைவிட அச்சுத்தலைக்குப் பெரிய பாதுகாப்பு. ரப்பர் விளிம்பில் காய்ந்த மை திட்டாகப் படிந்தாலும் மூடி இறுக்கமாகப் பொருந்தாது. மாதம் ஒருமுறை நூல் பிரியாத துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து அந்த விளிம்பைத் துடைத்து, மூடியில் சில துளி நீர் விட்டுவைத்தால் போதும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் படிந்துவிடும் என்பதால் அது இந்த வேலைக்கு ஆகாது. ஓரிரு நாளுக்கு ஒருமுறையாவது எல்லா நிறங்களும் கலந்த ஒரு சிறு படத்தை அச்சிடுவது, வாரக்கணக்கில் சும்மா வைத்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்வதைவிடச் செலவு குறைந்தது.

அடைப்பு வந்ததா என்பதை நாசில் செக் என்ற சோதனை அச்சு காட்டிவிடுகிறது. படிக்கட்டுபோல் அமைந்த சிறு கோடுகளில் ஏதேனும் விட்டுப்போயிருந்தால் அந்த நிறத்தின் அந்தத் துளை வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது ஹெட் கிளீனிங் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது பரவலான தவறு. ஒவ்வொரு முறையும் ஒரு பம்பு மையை உறிஞ்சி வெளியேற்றுவதால் மை வீணாவதோடு, மூன்று முறைக்குள் சரியாகாத அடைப்பு நான்காவது முறையிலும் பெரும்பாலும் சரியாவதில்லை. அணைத்து ஓரிரவு விட்டுவைத்தால், மூடியின் ஈரத்தில் காய்ந்த மை இளகித் தானாகவே வழிவிடுவது உண்டு. உறிஞ்சிய மை அடியில் உள்ள பஞ்சுப் பட்டையில் தேங்குகிறது. எவ்வளவு தேங்கியிருக்கும் என்று அச்சுப்பொறி கணக்கு வைத்து, வரம்பு வந்ததும் வேலையை நிறுத்திவிடுகிறது. அந்தக் கணக்கை மென்பொருள் மூலம் பூஜ்ஜியமாக்கித் தருபவர்கள் பஞ்சை மாற்றாமல் விட்டால், ஒருநாள் மேசையெல்லாம் மை வழியும். கணக்கை அழிக்கும்போதே பஞ்சையும் மாற்றச் சொல்ல வேண்டும். சிரிஞ்சால் அழுத்திச் சுத்தத் திரவத்தைச் செலுத்துவது கடைசி வழி. அழுத்தம் மிகுந்தால் உள்ளறைகளின் ஒட்டு பிரிந்து இரு நிறங்கள் கலந்துவிடும், அதன் பிறகு தலையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாற்று மைக்கு மாறுபவர்கள் சில கட்டுப்பாடுகளை மீறக்கூடாது. டை மை ஓடிய குழாயில் பிக்மென்ட் மையை ஊற்றினால் இரண்டும் வினைபுரிந்து கட்டியாகலாம்; டேங்கில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் குழாயில் காற்றுப் புகும்; வெளியே பொருத்திய டப்பாவை அச்சுப்பொறியைவிட உயரத்தில் வைத்தால் மை தானாக இறங்கித் தலை வழியே கசியும். ஒரே நிறுவனத்தின் மையை ஆறு நிறங்களுக்கும் தொடர்ந்து பயன்படுத்துவது முக்கியம். கிடைத்ததை ஊற்றும் கடைகளில் நிறம் வாரத்துக்கு ஒரு விதமாக மாறுகிறது. ஒரு மையின் மெஜந்தாவும் இன்னொரு மையின் மெஜந்தாவும் ஒன்றல்ல. அச்சுப்பொறியின் மென்பொருள் நிறுவனத்தின் சொந்த மையையும் காகிதத்தையும் மனத்தில் வைத்தே மைகளைக் கலக்கிறது. வேறு மை வந்தால் முகங்கள் சிவந்தோ பச்சை பாய்ந்தோ விழும். அந்த மைக்கும் காகிதத்துக்கும் உரிய நிற அளவீட்டுக் கோப்பை, அதாவது ஐசிசி புரொஃபைலை, மை விற்பவரிடம் கேட்டுப் பெறுவதோ அளவீட்டுக் கருவி வைத்திருப்பவரிடம் செய்துகொள்வதோதான் இதற்குத் தீர்வு. கண்ணால் பார்த்து மவுசை நகர்த்தித் திருத்துவது ஒரு படத்துக்குப் பொருந்தும், அடுத்த படத்துக்குப் பொருந்தாது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அந்தப் படம் எத்தனை காலம் நிற்கும்? டை மையின் மூலக்கூறுகளை ஒளியும், காற்றில் உள்ள ஓசோனும் சிதைக்கின்றன. தொட்டதும் காயும் பளபளப்பான போட்டோ காகிதத்தின் மேற்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. மையை உடனே உறிஞ்சும் அதே துளைகள் வழியாகத்தான் காற்றும் நிறத்தைத் தேடி உள்ளே போகிறது. 2000-ஆம் ஆண்டில் எப்சனின் ஸ்டைலஸ் போட்டோ 1270 அச்சுப்பொறியில், நிறுவனத்தின் சொந்த மையையும் காகிதத்தையும் கொண்டு அச்சிட்ட படங்களே சில வீடுகளில் மிக விரைவில் ஆரஞ்சு நிறத்துக்குத் திரிந்தன. காற்று பட்டுச் சயான் மட்டும் மறைந்து, மெஜந்தாவும் மஞ்சளும் மிஞ்சியதே காரணம். அசல் மை என்ற பெயர் மட்டும் காப்பாகாது என்பதற்கு இது சான்று. அதன் பிறகு நிறுவனங்கள் டை மைகளின் நீடிப்பை மேம்படுத்தவும், அதைச் சோதித்து அறிவிக்கவும் பெரும் முயற்சி எடுத்தன. விலை குறைந்த மாற்று மைகளில் பலவற்றின் புட்டியில் இத்தகைய சோதனை பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. வாகனப் புகையின்மேல் கடும் வெயில் பட்டு ஓசோன் உருவாகும் நகரங்களில், மின்விசிறிக் காற்று நேரே படும் சுவரில், கண்ணாடி இல்லாமல் ஒட்டிய படத்தில் இந்த வேறுபாடு விரைவில் தெரியும்.

ஸ்டூடியோக்காரர் ஒருவர் இதை எளிதாகச் சோதிக்கலாம். ஒரே முகப்படத்தை ஒரே காகிதத்தில் இரண்டு மைகளிலும் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை உறையிலிட்டு அலமாரியில் வைத்து, மறுபாதியைக் கடையின் முகப்பில் திறந்தவாறு ஒட்டி, சில மாதம் கழித்துச் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும். விளம்பரத்தைவிட அது நம்பகமானது.

விண்ணப்பத்தில் ஒட்டும் பாஸ்போர்ட் படத்துக்கும், ஆண்டு முடிந்தால் மாறும் அடையாள அட்டைக்கும், பள்ளிச் செயல்திட்டத்துக்கும் தரமான மாற்று மை முற்றிலும் போதும். அங்கே அசல் மைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண். சுவரில் மாட்டவும் ஆல்பத்தில் வைக்கவும் கேட்பவர்களுக்கு அதே மையில் அச்சிட்டுக் கொடுத்து முழு விலை வாங்குவது முறையாகாது. அவர்களுக்குப் பிக்மென்ட் மை அச்சோ, நீடிப்புச் சோதனை செய்த டை மை அச்சோ, லேபில் இரசாயன முறையில் எடுக்கும் அச்சோதான் பொருத்தம். வாடிக்கையாளர்களும் பெரியவர்களின் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கும்போது, விலையைக் கேட்கும் அதே மூச்சில் எந்த மை, எந்தக் காகிதம் என்று கேட்டு, வாங்கிய படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வெயில் படாத சுவரில் மாட்டி, மூலக் கோப்பையும் கடைக்காரரிடமிருந்து பெற்றுப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.