மனு இருக்கிறது, கூடப் போக ஆள் எங்கே?

தமிழ்நாட்டில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டமோ திட்டமோ இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயானது. (அதில் 80 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு இன்றும் 200 ரூபாய்தான் என்பது தனிக்கதை.) 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, 2025 முதல் தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் அரிசியும் வருகிறது. ஆனால் நின்றுபோன உதவித்தொகையைப் பற்றித் தாலுகா அலுவலகத்தில் கேட்பதற்கும், தள்ளுபடியான மனுவுக்குக் காரணத்தை எழுத்தில் வாங்குவதற்கும் அவர்கள் பக்கம் நின்று பேச ஒருவரும் நியமிக்கப்படவில்லை. இந்த இடைவெளியை நிரப்பாமல் தொகையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

மனு நகரும் வழியைப் பார்த்தால் இது புரியும். முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்தால், விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். மனுதாரர் ஆதரவற்றவர்தானா என்பது பெரும்பாலும் அந்த விசாரணை அறிக்கையில் முடிவாகிவிடுகிறது. மகனுக்கு வேலை இருக்கிறது, ஆனால் பணம் அனுப்புவதில்லை என்றால் அதை அறிக்கையில் ஏற வைப்பது யார்? மாற்றுத்திறனாளிக்கோ 40 சதவீதக் குறைபாடு என்ற மருத்துவச் சான்றும், தேசிய அடையாள அட்டையும் வேண்டும். காது கேளாதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், படுக்கையில் கிடப்பவர் ஆகியோருக்கு ஒவ்வொரு மேஜையும் ஒரு தடை. ஆதாரில் ரேகை விழாத தேய்ந்த விரல்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு மாற்று வழி கேட்கலாம் என்பது அந்த விரலுக்கு உரியவருக்குத் தெரிவதில்லை.

சட்டம் எழுதியவர்களும் இதை உணர்ந்தே இருந்தார்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தானே மனு செய்ய இயலாத பெற்றோர் வேறொருவருக்கோ ஓர் அமைப்புக்கோ அதிகாரம் கொடுத்து மனு செய்யலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வதை, சுரண்டல் பற்றி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். கூடுதல் ஆதரவு கேட்டு மாற்றுத்திறனாளி சார்பில் அமைப்பே விண்ணப்பிக்கலாம். பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞரே கூடாது என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பிள்ளைகள் பெரிய வக்கீலை வைத்து வயதானவரை மிரட்டிவிடக் கூடாது என்பது நியாயமான நோக்கம். ஆனால் வக்கீலை வெளியே நிறுத்திய சட்டம், 18ஆம் பிரிவில் பெற்றோருக்காகப் பேசும் பொறுப்பை மாவட்டச் சமூக நல அலுவலர் நிலையிலுள்ள அதிகாரியிடம் ஒப்படைத்தது. மாவட்டம் முழுவதுக்குமான திட்டங்களைச் சுமக்கும் ஒருவர், செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு வீதியில் நிற்கும் ஒவ்வொருவரோடும் தீர்ப்பாயம் நடக்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்கு வர முடியுமா? அனுமதி எல்லோருக்கும் இருக்கிறது, கடமையை நிறைவேற்ற ஆளில்லை என்பதுதான் நடைமுறை.

மனுதாரர் பக்கம் நின்று பேச ஆட்களை நியமித்தால் அவர்களே இடைத்தரகர் ஆகிவிடுவார்கள் என்ற அச்சம் வெறும் சாக்கு அல்ல. ஆனால் தரகர் இன்று பிழைப்பதே இந்த வெற்றிடத்தால்தான். மனுதாரரிடம் காசு வாங்காத, பெயர் பலகையில் எழுதப்பட்ட, எந்த மனுவுக்கு என்ன செய்தார் என்று பதிவேடு வைக்கும் ஒருவர் இருந்தால் தரகருக்குத்தான் நஷ்டம். பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இது என்பது இன்னொரு வாதம். பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்த ஆள் தேவைப்படப் போவதில்லை. வழக்கே பிள்ளைகள் மீது என்கிறபோது இந்த வாதத்தைச் சொல்லிப் பயனில்லை.

இந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் கடினமான கேள்வி. வருவாய்த் துறையின் கீழ் வைத்தால் மனுவை மறுத்த அலுவலகமே மறுப்புக்கு எதிராகவும் வாதாட வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், தன் தேவையைத் தானே சொல்லச் சிரமப்படுபவருக்குப் பேச வேறு தகுந்த ஆள் இல்லாதபோது, சுயேச்சையான ஒருவரை உள்ளாட்சி மன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கேரளம் 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்து, வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் வேலையை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. மலப்புரம் போன்ற இடங்களில் ஊர்த் தன்னார்வலர்கள் முன்பே போட்டிருந்த பாதை அது. அது மருத்துவம், இது வாதாடல். ஆனாலும் ஊர் அமைப்பு வீட்டுப் படியேற முடியும் என்பதற்கு அது சான்று. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கத் தமிழ்நாடு 2025இல் சட்டம் திருத்தியிருக்கிறது. நல்ல மாற்றம்தான், என்றாலும் மன்றத்தில் சாய்தளம் கேட்பது வேறு, ஒருவருடைய கோப்பைத் துரத்துவது வேறு. கோப்பைத் துரத்த ஒன்றியத்துக்கு ஒருவர் என்றால் மாநிலத்துக்கு 388 பேர். பட்ஜெட்டை உலுக்கும் எண்ணிக்கை அல்ல.

இன்னொரு சிக்கல் உண்டு. பேச வருபவர், மனுதாரருக்கு எது நல்லது என்று தானே தீர்மானிக்கத் தொடங்கிவிடலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரம்புக்குட்பட்ட காப்பாளரைப் பற்றிப் பேசும்போது, மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை ஒட்டி, இருவரும் சேர்ந்து முடிவெடுக்கச் சொல்கிறது. அதே விதி இவருக்கும் பொருந்த வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற நிலை உள்ளவர்களுக்கு ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கிறது. குழு ஒப்புதல் தரும் முன், அந்த நபரைத் தனியே சந்தித்து, அவர் பேச்சிலோ சைகையிலோ படத்திலோ சொன்னதை எழுதிக்கொண்டு வரும் வேலையை முதலில் இப்படிப் பேச வருபவரிடம் கொடுத்துப் பார்க்கலாம்.