ஒருவர் தோணி: நீர்நிலை மக்களின் சிறு சொத்துக்கு இடம் உண்டா?

புது தில்லி: ஒரே ஒருவர் அமர்ந்து ஒரே துடுப்பால் செலுத்தும் சிறிய மரத்தோணி, நாட்டின் பெரிய ஏரிகளிலும் காயல்களிலும் வாழும் எளிய குடும்பங்களுக்கு இன்றியமையாத சொத்தாகும். அதற்கு எரிபொருள் வேண்டாம். இயக்குவதற்கு இரண்டாவது ஆள் வேண்டாம். நிறுத்துவதற்குத் துறைமுகம் வேண்டாம். ஆனால், நீர்வழிப் போக்குவரத்தைப் பெருக்க முனைந்திருக்கும் தேசியத் திட்டங்களில் இந்தத் தோணிக்கு என்ன இடம் என்பதுதான் கேள்வி.

மணிப்பூரின் லோக்தாக் ஏரி, காஷ்மீரின் தால் ஏரி, கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளவை. மொழியும் உணவும் உடையும் வேறு. எனினும், விடியும் முன் தன் தோணியைத் தானே அவிழ்த்துக்கொண்டு தனியே புறப்படும் மனிதரை இம்மூன்று இடங்களிலும் காணலாம். லோக்தாக்கில் அவர் மீனவர். ஸ்ரீநகரில் மிதக்கும் காய்கறிச் சந்தைக்கு விளைபொருளைக் கொண்டுசெல்லும் விவசாயி. வேம்பநாட்டில் அடிமண்ணைத் துழாவி மட்டி அள்ளும் தொழிலாளி.

யாருடைய தயவும் வேண்டாம்: பெரிய படகில் வேலை செய்பவர் உரிமையாளருக்குப் பங்கு கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். சொந்தத் தோணி உள்ளவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் அவருடைய முடிவு. கிடைத்ததெல்லாம் அவருடையது. இந்தச் சிறிய மரக்கலத்தின் மீது நீர்நிலை மக்கள் வைத்திருக்கும் பற்றுக்கு இதுவே முதல் காரணம்.

பெண்களைப் பொருத்தவரை இதன் பொருள் இன்னும் ஆழமானது. தால் ஏரியில் தாமரைத் தண்டும் கால்நடைகளுக்கான நீர்ச்செடிகளும் சேகரிக்கும் பெண்கள் தனியாகவே துடுப்பு வலிக்கின்றனர். லோக்தாக்கிலும் தனித் தோணியில் சென்று மீன் பிடிக்கும் பெண்கள் உண்டு. தரைப் பகுதிகளில் ஏழைப் பெண்ணின் பெயரில் ஒரு வாகனம் இருப்பதே அரிது என்ற நிலையில், ஏரிப் பெண்ணுக்குத் தோணி அளிக்கும் தன்னுரிமையை எளிதாக எண்ணிவிட இயலாது.

துடுப்பின் நுட்பம்: ஒருவர் தோணியைச் செலுத்துவது பார்வைக்கு எளிது, பழகுவது கடினம். ஒரே பக்கத்தில் துடுப்பிட்டால் தோணி மறுபக்கம் திரும்பும். எனவே, பின்முனையில் அமர்ந்து செலுத்துபவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பின் தட்டையைச் சற்றே வெளிப்புறமாகத் திருப்பி, திசையைச் சரிசெய்கிறார். தால் ஏரியில் முன்முனையில் குந்தி அமர்ந்து, இதய வடிவத் துடுப்பால் செலுத்துவது வழக்கம். இவற்றை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை. சிறுவயதில் பெற்றோரைப் பார்த்துக் கை கற்றுக்கொள்கிறது.

மரமும் இதில் பங்கு வகிக்கிறது. மரத்தோணி ஓசையின்றி நகர்வதால் மீன் கலைவதில்லை. நீர் புகுந்தாலும் எளிதில் மூழ்குவதில்லை. பலகைகளால் ஆன தோணியில் மரம் நனைந்து உப்பும்போது இடுக்குகள் தாமாகவே இறுகுகின்றன. பழுதுபட்டால் உள்ளூர்த் தச்சரே சரிசெய்துவிடுவார். கண்ணாடி இழைப் படகு எடை குறைந்தது, பராமரிப்பும் குறைவு என்பது உண்மையே. ஆனால், உடைந்துபோன பின் அது மட்கிப் போகாத குப்பையாக நீரோரம் கிடக்கிறது.

லோக்தாக் தரும் பாடம்: வடகிழக்கின் மிகப் பெரிய நன்னீர் ஏரியான லோக்தாக்கில், செடிகொடிகளும் மண்ணும் கலந்து மிதக்கும் திட்டுகள் 'பும்டி' எனப்படுகின்றன. இவற்றின் மீது குடிசை அமைத்து வாழும் மீனவர்களுக்குத் தோணிதான் தெருவும் வாகனமும். 1983-ல் இத்தாய் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தது. 105 மெகாவாட் நீர்மின் நிலையத்துக்காக ஏரியின் நீர்மட்டம் உயர்த்தி வைக்கப்பட்டது. கரையோர விளைநிலங்கள் மூழ்கின. நிலம் இழந்த உழவர்களில் பலர் மீனவர்களாயினர். ஏரைக் கைவிட்டவர்களுக்குத் துடுப்பு துணையாயிற்று.

பின்னர் அந்தத் துடுப்புக்கும் சோதனை வந்தது. 1990-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற லோக்தாக், 1993-ல் சீரழிவுக்கு உள்ளாகும் ஈரநிலங்களுக்கான மோந்த்ரே பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2006-ல் மணிப்பூர் அரசு இயற்றிய ஏரிப் பாதுகாப்புச் சட்டம், மையப் பகுதியில் பும்டிக் குடிசைகளையும் வட்ட வடிவ மிதவை மீன்பிடிப்பு முறையையும் தடை செய்தது. 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான குடிசைகள் அதிகாரிகளால் எரிக்கப்பட்டன. 2022 ஜூலையில் மிதவைகளையும் குடிசைகளையும் அகற்றுமாறு மீண்டும் அறிவிப்பு வெளியானது.

ஏரி மாசுபட்டிருப்பதையும் பும்டிகள் பெருகியிருப்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், நகரக் கழிவும் அணையின் நீர்மட்டமும் விளைவித்த கேட்டுக்கு, தோணியில் செல்லும் மீனவர் மட்டும் பொறுப்பாளி ஆவது எப்படி என்று அங்குள்ள மக்கள் எழுப்பும் கேள்வி நியாயமானதே. தால் ஏரியிலும் இதே நிலைதான். ஏரியில் வாழ்ந்த குடும்பங்களை ராக்-இ-ஆர்த் பகுதியில் குடியமர்த்தும் திட்டத்தில் மனையும் வீடும் கணக்கிடப்பட்டன. தரைக்கு வந்துவிட்டவருக்குத் தோணியால் கிடைத்துவந்த பிழைப்பு என்னவாகும் என்பது கணக்கில் எளிதில் அடங்குவதில்லை.

மரத்துக்கு எங்கே போவது?: தோணி செய்யும் கலைக்கு அடுத்த நெருக்கடி மரத்தட்டுப்பாடு. ஒரே அடிமரத்தைக் குடைந்து தோணி செய்ய முதிர்ந்த பெருமரம் தேவை. காடுகள் சுருங்கிவிட்ட நிலையில் அத்தகைய மரங்கள் அரிதாகிவிட்டன. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காடுகளைக் காக்க அது அவசியமானது. லாரி லாரியாக மரம் கடத்தியவர்களைத் தடுக்கப் பிறந்த உத்தரவு அது. ஆயினும், ஆண்டுக்குச் சில தோணிகள் செய்யும் தச்சரின் தேவையும் அதன் பின் தனித்துக் கவனிக்கப்படவில்லை.

கேரளத்தில் நிலைமை சற்று வேறு. தமிழில் அயினி எனப்படும் ஆஞ்ஞிலி மரம் அங்கு வீட்டுத் தோட்டங்களிலும் வளர்கிறது. பாம்புப் படகுகளும் சிறு வள்ளங்களும் அம்மரத்தாலேயே செய்யப்படுகின்றன. ஆனால், குட்டநாட்டில் பாலங்களும் சாலைகளும் வந்த பிறகு, வீட்டுக்கொரு வள்ளம் என்ற நிலை மாறிவருகிறது. மறுபுறம், நகரங்களிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் பணம் கொடுத்து நெகிழி 'கயாக்' படகுகளில் தனியே துடுப்பு வலித்து அமைதி தேடுகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் சொல்வது என்ன?: 2016-ம் ஆண்டு தேசிய நீர்வழிகள் சட்டம் 111 நீர்வழிகளை அறிவித்தது. நீராவிக் கப்பல்களை மனத்தில் கொண்டு 1917-ல் பிறந்த பழைய சட்டத்துக்கு மாற்றாக, 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எந்திரம் இல்லாத கலங்களும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. அவை தொடர்பான சில பணிகளை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது.

இங்குதான் வாய்ப்பும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. பதிவு என்பது உரிமைச் சான்றாக அமைந்தால், வெள்ளத்தில் தோணியை இழந்தவர் இழப்பீடு கோர முடியும். ஏரியில் தமக்குள்ள வாழ்வுரிமையை நிறுவவும் அது உதவும். வெறும் கட்டணமாகவும் அபராதமாகவும் மாறினால், ஏழையின் துடுப்பில் கூடுதல் சுமையாகவே முடியும். 2020-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்கள் மாற்றுப் படகு வாங்க உதவி உண்டு. ஆனால், பழைய மரத்தோணியைச் செப்பனிட நினைப்பவருக்கு அங்கு வழி குறுகலே.

மரபுக் கலங்களின் மீது மத்திய அரசுக்கு அக்கறை இல்லை என்று கூறிவிடவும் முடியாது. அஜந்தா ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்து உருவாக்கிய 'கௌண்டின்யா' பாய்மரக் கப்பல், 2025 மே 21-ல் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. கலாசார அமைச்சகத்தின் நிதியுதவியுடன் கேரளக் கைவினைஞர்கள் அதைக் கட்டினர். அது பாராட்டத்தக்க முயற்சி. பழங்காலக் கப்பலை மீட்டெடுக்க முடிந்த அரசுக்கு, இன்றும் வழக்கத்தில் உள்ள தோணியைக் காப்பது இயலாத செயலன்று.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. ஊர்ப் பொது நிலங்களில் தோணிக்கேற்ற மரங்களை நட்டு, முதிர்ந்தவற்றைத் தச்சர்களுக்கு நியாய விலையில் வழங்கலாம். ஒருவர் தோணிகளுக்குப் பதிவுக் கட்டணத்தை முற்றிலும் விலக்கலாம். ஏரி மேலாண்மைக் குழுக்களில் தோணி வைத்திருக்கும் பெண்களுக்கும் இடம் அளிக்கலாம். முக்கியமாக, நீர்நிலைகளைப் பாதுகாக்கும் சட்டங்கள் அங்கு வாழ்பவர்களைக் கலந்து எழுதப்பட வேண்டும். ஏரியில் நீர் ஏறுவதையும் மீன் குறைவதையும் முதலில் அறிபவர், நாள்தோறும் அதில் தனியே துடுப்பு வலிப்பவர்தான்.