காயமும் கடுக்காயும்

பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் காட்டில் களை வெட்டும்போது காலில் வெட்டுப்பட்டால் என்ன செய்கிறோம்? வரப்பில் முளைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாற்றைப் பிழிந்து, பழந்துணியைக் கிழித்துக் கட்டுகிறோம். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால், துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு புதிதாக வளர்ந்த தோலையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. இது ஏன்?

தோல் நம் உடலின் நீரைக் காக்கும் உறை. நலமான தோலின் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கிராம் நீர் ஆவியாகிறது. தோல் இழந்த புண்ணிலிருந்தோ 5000 கிராம் வரை வெளியேறக்கூடும். பருத்தித் துணி இந்த ஆவியைத் தடுப்பதில்லை. எனவே புண் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது. துணி இழைகள் அப்பொருக்கில் சிக்கிக்கொள்கின்றன.

புண் காய்ந்தால்தான் ஆறும் என்பது நம் நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற அறிஞர் பன்றிகளில் செய்த சோதனை இதற்கு மாறான முடிவைத் தந்தது. பாலிதீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத் தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்ந்தது. ஈரத்தில் உயிரணுக்கள் எளிதாக நகர்வதே காரணமாகும். ஆனால் ஆவியை முற்றிலும் அடைத்தால் கசிவுநீர் தேங்கிவிடும். ஆகவே, அளவோடு ஆவியை விடும் உறையே வேண்டும்.

கொல்லாஜன் என்னும் புரதம் இதற்கு ஏற்றது. நம் தோலுக்கு உறுதி தருவது இதுவே. மாட்டுத் தோலிலும் இது நிறைய உண்டு. சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்துள்ளது. தோலிலிருந்து மயிரையும் கொழுப்பையும் நீக்கித் தூய கொல்லாஜனைப் பிரித்து, மெல்லிய தாளாகவும் பஞ்சாகவும் ஆக்குகிறார்கள். கொடிக்குப் பந்தல் போல, வளரும் உயிரணுக்களுக்கு இது பிடிமானம் தருகிறது. பின்னர் உடலே அதைக் கரைத்துக்கொள்கிறது, பிய்த்தெடுக்க வேண்டியதில்லை.

ஆறுவதற்கு முன்பே கரைந்துவிட்டால்? இங்கேதான் கடுக்காய் வருகிறது. தோல் பதனிடுவோர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் சரக்கு அது. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின், கொல்லாஜன் இழைகளைப் பிணைத்து உறுதியாக்குகிறது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவை ஊட்டிய கொல்லாஜன் பஞ்சு, எலிகளின் கிருமி தாக்கிய புண்களை ஆற்ற உதவியதாக இந்நிலையத்தார் 2010-இல் வெளியிட்டனர்.

அப்படியானால் பச்சிலையை அப்படியே வைத்துக் கட்டலாமா? கூடாது. ஆய்வுக்கூடத்தில் மூலிகைச் சாறு தூய்மை செய்யப்பட்டு, அளவிடப்படுகிறது. வரப்புப் பச்சிலையோடு மண்ணும் வருகிறது. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். காயத்தைத் தூய நீரில் நன்கு கழுவி, சுத்தமான துணியால் மூடி, உடனே மருத்துவரிடம் சென்று டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.