ரயில் படியா, பாலத்துப் படியா?

ரயிலில் ஏறும்போது விழுந்து அடிபட்டவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் ஒரே தயக்கம்: "தப்பு என்மேலதானே, எப்படிக் கேக்கிறது?" தயங்கியே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். விபத்து நடந்து ஓராண்டுக்குள் ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டாக வேண்டும்.

இப்படி விழுவது எப்படி நடக்கிறது? விருதுநகர்–தென்காசி தடம் ஒற்றைப் பாதை. ஒரு வண்டி தாமதமானால் கிராசிங்குக்காக எதிர் வண்டியும் காத்துக் கிடக்கும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிளாட்பாரத்தில் கூட்டம் சேரும். வந்த வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடம். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் கட்டைப் பையுமாக முன்பதிவில்லாப் பெட்டியைத் தேடி ஓடுகிறார் ஒரு தாய். கம்பியைப் பிடிக்கும்போது வண்டி நகர்ந்துவிடுகிறது. கால் நழுவுகிறது.

'பயணியின் அலட்சியம்' என்பதே ரயில்வேயின் வழக்கமான பதில். அதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். ரயில்வே சட்டத்தில் 1994-இல் சேர்த்த 124-ஏ பிரிவு, தவறு யாருடையது என்ற கேள்வியையே எடுத்துவிட்டது. தற்கொலை, குடிபோதை போன்ற சில விலக்குகள் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவதற்கும் இழப்பீடு உண்டு, அலட்சியம் தனக்குத்தானே செய்துகொண்ட காயம் ஆகாது என்று 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிக்கெட் தொலைந்தாலும் பிரமாணப் பத்திரம் போதும்; மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் வேலை.

என்னை உறுத்துவது வேறு. ரயிலிலிருந்து தவறி விழுவதைச் சட்டம் சொல்கிறது. நிலையத்தில் நடக்கும் கொள்ளை, கலவரத்தையும் சொல்கிறது. நெரிசலைச் சொல்லவில்லை. 2017-இல் மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில் 23 பேர் நசுங்கி இறந்தார்கள். 2025 பிப்ரவரி 15 இரவு புது தில்லி நிலையத்தில் 18 பேர். தில்லியில் கொடுத்தது கருணைத் தொகை. அது அரசு மனம்வைத்தால் வருவது, இழப்பீடு உரிமை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறிய நிர்வாகம் கருணை காட்டுவதாகச் சொல்வதை ஏற்க முடியாது. நெரிசலையும் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

பிளாட்பார டிக்கெட் மட்டும் இருந்தால்? சட்டத்தில் அதை வைத்திருப்பவரும் பயணிதான்.

இழப்பீடு எவ்வளவு? உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய், காயத்துக்கு அட்டவணைப்படி.

கெடு தாண்டிவிட்டதா? தக்க காரணம் காட்டினால் தீர்ப்பாயம் ஏற்கலாம்.

காயமின்றித் தாமதத்தால் மட்டும் நஷ்டமா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2021-இல் உச்ச நீதிமன்றமே ஒரு பயணிக்கு 30,000 ரூபாயை உறுதிசெய்தது.

அடிபட்ட அன்றே ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'கீழே விழுந்தார்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். ரயிலில் ஏறும்போது விழுந்திருந்தால், அப்படியே எழுதச் சொல்லுங்கள்.