இன்னொரு குளோரின் மாத்திரை வேண்டாம்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியில், ஒரு காலத்தில் பால்மரமும் பின்னர் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று தாமான்களும் விடுமுறை இல்லங்களும் எழுந்துவிட்டன. லாபு, சிலியாவ், லுக்குட் என்று தோட்டங்களால் பெயர் பெற்ற வட்டாரங்களில் வீட்டோடு சேர்ந்த நீச்சல் குளம் இப்போது அபூர்வமல்ல. வார இறுதி வாடகைக்கு விடும் வீடுகளில் குளத்தைப் பார்த்துத்தான் குடும்பங்கள் வருகின்றன. ஆனால் அந்தக் குளங்களைப் பராமரிக்கும் அறிவு பெரும்பாலும் ஒரே வாய்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீர் கலங்கினால் குளோரின் போடு, பச்சை தட்டினால் இன்னும் கொஞ்சம் போடு, பிள்ளைகளுக்குக் கண் எரிந்தால் நிறுத்து. இந்த வாய்பாடு நெகிரி செம்பிலானின் நீருக்கும் மழைக்கும் பொருந்தாது. இங்கே முதலில் அளக்க வேண்டியது நீரின் காரத்தன்மையை. அது சரியாக இல்லாத குளத்தில் போடும் குளோரினில் பெரும்பகுதி வீண். பல நேரங்களில் அதுவே அடுத்த கோளாறுக்கு விதையாகவும் ஆகிறது.

காரத்தன்மை என்றதும் பிஎச் அளவோடு குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். பிஎச் என்பது இந்த நிமிடத்தில் நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண். மொத்தக் காரத்தன்மை என்பது, வந்து சேரும் அமிலத்தை அந்த எண் குலையாமல் விழுங்கிக்கொள்ள நீரிடம் எவ்வளவு கையிருப்பு உண்டு என்பதன் அளவு. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டே அந்தக் கையிருப்பின் பெரும்பகுதி. தோட்டத்தில் பால் எடுத்த குடும்பங்களுக்கு இதை எளிதில் விளங்கவைக்கலாம். அமோனியா சேர்த்த ரப்பர் பால் நெடுநேரம் உறையாமல் இருக்கும். அதில் பார்மிக் அமிலத்தை விட்டால், அமோனியா தீரும்வரை பால் பாலாகவே நிற்கும், தீர்ந்தபின் விரைந்து திரண்டுவிடும். குளத்து நீரும் அப்படித்தான். கையிருப்பு உள்ளவரை பிஎச் அசையாது. கையிருப்பு வற்றியபின் ஒரு மழையும் ஒரு மாத்திரையும் போதும், எண் சரிந்துவிடும். வீட்டுக் குளங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் காரத்தன்மை, 7.2 முதல் 7.8 வரையான பிஎச்.

நம் வட்டாரத்தில் இந்தக் கையிருப்பு தொடக்கத்திலேயே குறைவு. தித்திவாங்சா மலைத்தொடரின் தென்கோடி நெகிரி செம்பிலானுக்குள் இறங்கி முடிகிறது. அது கருங்கல் மலை. கருங்கல்லில் ஊறி வரும் ஆற்று நீரில் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் சொற்பமாகவே இருக்கும். ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். ஆக, குழாய் நீரே மென்னீர். அதன்மேல் மழை வேறு. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் மாசற்ற மழை நீரின் பிஎச் அளவே சுமார் 5.6 தான், காரத்தன்மை ஏறக்குறைய பூஜ்யம். எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர் என்றால் கொள்ளளவு 40,000 லிட்டர். ஒரு பிற்பகலில் 60 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 1,920 லிட்டர் உள்ளே விழுகிறது, அதாவது குளத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடு. ஆண்டுக் கணக்கு இன்னும் வியப்பானது. மலேசியாவிலேயே மிகக் குறைவாக மழை பெறும் ஊராகச் சொல்லப்படுவது இதே மாநிலத்தின் ஜெலெபு மாவட்டத்திலுள்ள கோல கிளாவாங். அங்கே ஆண்டுச் சராசரி சுமார் 1,650 மில்லிமீட்டர். அந்த வறண்ட ஊரில்கூட இந்தக் குளத்துக்குள் ஓராண்டில் விழும் மழை 52,800 லிட்டர். குளத்தின் மொத்த நீரைவிட அதிகம்!

வெயிலில் ஆவியாகிப் போகும் நீரை மழை ஈடுசெய்கிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நீர் ஆவியாகும்போது உப்பும் பைகார்பனேட்டும் குளத்திலேயே தங்கிவிடுகின்றன, உண்மைதான். ஆனால் வெயில் நாள்தோறும் மெல்லக் குடிக்கிறது. மழையோ ஒரே மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. நிரம்பியிருக்கும் குளத்தில் அது விழும்போது விளிம்பு தாண்டி வழிவதோடு பைகார்பனேட்டும் வெளியேறுகிறது. அதன் இடத்தில் வந்து சேரும் நீரில் எதுவுமில்லை. வடிகால் சரியில்லாத மேட்டு நிலத்தில் கட்டிய வீடாயின் சரிவிலிருந்து மண்ணும் உரச்சத்தும் சேர்ந்து வரும். உரத்திலுள்ள பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பாசிக்குத் தீனி.

இப்படி வலுவிழந்த நீரில்தான் நாம் வெள்ளை மாத்திரையைப் போடுகிறோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய மாத்திரை டிரைகுளோர். மிதவையில் வைத்துவிட்டால் ஒரு வாரம் கவலையில்லை என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். அதன் கரைசலின் பிஎச் அளவு சுமார் 3. கரையக் கரையக் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். அதைவிடப் பெரிய சிக்கல், அது குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் நீரில் விடுவது. இந்த அமிலம் அளவோடு இருந்தால் நல்லது. அது அறவே இல்லாத திறந்தவெளிக் குளத்தில் நம் நண்பகல் வெயில் ஒரு மணி நேரத்துக்குள் குளோரினில் பாதியை அழித்துவிடும். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் இருந்தால் குளோரின் தாக்குப்பிடிக்கும். ஆனால் குளோரின் செலவாகிவிடுகிறது, சயனூரிக் அமிலமோ செலவாவதில்லை. டிரைகுளோர் தரும் ஒவ்வொரு 10 மில்லிகிராம் குளோரினுக்கும் சுமார் 6 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் கூடவே சேர்கிறது. நாளொன்றுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் தேவைப்படும் குளத்தில் மாத்திரையை மட்டுமே நம்பினால் இரண்டே மாதத்தில் 70 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அதற்குமேல் ஏற ஏற, குளோரின் அளவு சரியாகக் காட்டும். கிருமி மட்டும் மெதுவாகச் சாகும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சாதாரணக் குளத்துக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரினும், சயனூரிக் அமிலம் உள்ள குளத்துக்குக் குறைந்தது 2 மில்லிகிராமும் வேண்டும் என்பது இதனால்தான். அளவு மீறிவிட்டால் வீட்டுக்காரருக்கு உள்ள நடைமுறை வழி, நீரின் ஒரு பகுதியை இறைத்துவிட்டுப் புது நீர் நிரப்புவதே. பாதியாகக் குறைக்க 20,000 லிட்டர் வேண்டும். குழாய் வறட்சி அறியாத ஊரல்ல இது. அந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை.

பிஎச் ஏறினாலும் குளோரின் பயனிழக்கிறது. நீரில் குளோரின் இரண்டு வடிவில் இருக்கிறது. கிருமியை விரைவாகக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம். சயனூரிக் அமிலம் இல்லாத நீரில், பிஎச் 7.2 எனில் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வடிவில் இருக்கும், 7.5 எனில் பாதி. 8 ஆகிவிட்டால் கால் பங்கே. மாறாகப் பிஎச் 7-க்குக் கீழே சரிந்தால் குளோரின் வேகமாக வேலை செய்யும், ஆனால் நீர் ஓடுகளுக்கிடையே பூசிய சிமெண்டையும் செம்புக் குழாயையும் அரிக்கத் தொடங்கும். நீர் எப்போது அரிக்கும், எப்போது சுண்ணாம்பைப் படியவிடும் என்பதைக் கணிக்கும் சமன்பாட்டை கலிஃபோர்னியாவில் வில்ஃபிரட் லாங்கிலியர் 1936-லேயே வகுத்துவிட்டார். குடிநீர்க் குழாய்களுக்காக அவர் வகுத்ததைத்தான் இன்று குளங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். நீர் தெளிவாக இருந்தும் பச்சை சாயல் தெரிந்தால் அது பாசியாக இல்லாமல் கரைந்த செம்பாகவும் இருக்கலாம். பாசிக்கென்று மயில்துத்தம் போடும் வீடுகளிலும் இதே சாயல் வரும். அங்கே இன்னொரு மாத்திரை போடுவது நோயை அறியாமல் மருந்து கொடுப்பதுதான்.

கண் எரிச்சலையும் மூக்கைத் துளைக்கும் வாடையையும் குளோரின் மிகுதி என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. அந்த வாடை, வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோராமைனின் வாடை. பெரும்பாலும் அங்கே போதுமான குளோரின் இல்லை. கடையில் விற்கும் மலிவான இரண்டு சொட்டுச் சோதனைப் பெட்டியில் மஞ்சள் நிறம் கொடுக்கும் சொட்டு, வேலை செய்யும் குளோரினையும் குளோராமைனையும் சேர்த்தே காட்டும். மஞ்சள் அடர்த்தியாகத் தெரிந்ததும் நிம்மதி கொள்கிறோம். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனையில் நிறம் இளஞ்சிவப்பாக வரும். சற்றுக் கூடுதல் விலை. ஆனால் வீட்டுக் குளத்துக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த அளவுகள் அமெரிக்கக் குளங்களுக்காக வகுத்தவை, நமக்கு எதற்கு என்று ஒரு மறுப்பு உண்டு. ஓரளவு ஏற்கிறேன். சுண்ணாம்புக் கடினத்தன்மைக்கு அங்கே சொல்லும் 200 மில்லிகிராமைச் சிமெண்டுப் பூச்சுள்ள குளத்துக்குத்தான் கட்டாயமாகக் கருத வேண்டும். கண்ணாடியிழைத் தொட்டிக்கு அத்தனை தேவையில்லை. ஆனால் காரத்தன்மையில் நம் நிலை அங்கத்தையதைவிடக் கடினமானது; மென்னீரும் அடைமழையும் சேர்ந்த ஊரில் அந்த எண்ணைத் தளர்த்தக் காரணமில்லை. உப்பு இயந்திரம் வைத்துவிட்டோம், குளோரின் சிக்கலே இல்லை என்பவர்களும் உண்டு. அந்த இயந்திரம் உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது. சயனூரிக் அமிலம் குவியாது என்பது அதன் நன்மை. அதற்குப் பதிலாகப் பிஎச் மேலேறிக்கொண்டே இருக்கும். ஆக, அளக்கும் வேலை போகாது. யாரும் வராத வாரங்களில் குளத்தை அப்படியே விட்டுவிடலாம் என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் மோசம். குளோரின் தீர்ந்த நீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிறப்பிடம். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் வீட்டுக்காரரைத்தான் பொறுப்பாக்குகிறது.

செய்ய வேண்டியது கடினமல்ல. பெருமழைக்கு மறுநாள் முதலில் காரத்தன்மையை அளந்து, குறைந்திருந்தால் ஆப்ப சோடாவால், அதாவது சோடியம் பைகார்பனேட்டால், ஏற்ற வேண்டும். 40,000 லிட்டர் குளத்தில் காரத்தன்மையை 50-லிருந்து 80-க்கு உயர்த்தச் சுமார் 2 கிலோ போதும். சோடா ஏஷ் பிஎச் அளவைச் சட்டென்று மேலேற்றிவிடும் என்பதால் இந்த வேலைக்கு அது ஏற்றதல்ல. நீரை ஓடவிட்டு, மறுநாள் பிஎச் பார்த்து, அதன்பிறகே குளோரின். சயனூரிக் அமிலம் 30-ஐ எட்டியபின் டிரைகுளோரை நிறுத்திவிட்டுக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறுவது நம் மென்னீருக்கு இரட்டை நன்மை. இல்லாத சுண்ணாம்பையும் அது சேர்த்துக் கொடுக்கும். ஆனால் மாறும்போது எச்சரிக்கை வேண்டும். டிரைகுளோர் இருந்த மிதவையிலோ, அதை அள்ளிய கரண்டியாலோ கால்சியம் ஹைப்போகுளோரைட்டைத் தொடக்கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலத்தை இவற்றின் அருகில் வைக்கவே கூடாது. மருந்தை நீரில் இட வேண்டும், மருந்தின்மேல் நீரை ஊற்றக்கூடாது.

குளத்துக்காரர் மாதாமாதம் வந்து பார்த்துக்கொள்கிறாரே, எனக்கு எதற்கு இந்த வேதியியல் என்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பணம் கட்டும் ரசீதில் பெரும்பாலும் குளோரினும் பிஎச் அளவும் மட்டுமே எழுதியிருக்கும். அடுத்த மாதத்திலிருந்து மொத்தக் காரத்தன்மை, சயனூரிக் அமிலம் என்ற இரண்டு எண்களையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். சயனூரிக் எண் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால், உங்கள் குளத்தில் மாத்திரையைத் தவிர வேறெதுவும் விழவில்லை என்று அர்த்தம்.