பூசைக்குப் பணி செய்வோர்

தலைப்பைக் கண்டவுடன் கோயிற் பூசையென மயங்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தல் வேண்டும். பூசை என்பது பூனையின் பழம்பெயர்களுள் ஒன்று. வெருகினைப் பூசையென வழங்கும் மரபைத் தொல்காப்பியர் மரபியலிற் குறித்தார். கம்பரோ, பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையோடு தம்மை ஒப்பிட்டு அவையடங்கினார். இத்துணைச் சிறப்புடைய பிராணிக்கு வைத்தியம் சொல்லும் நூலைத்தான் காண்கிலோம். மாட்டுக்கு வாகடமுண்டு, குதிரைக்கும் யானைக்கும் நூல்களுண்டு. பூனை வாகடமென ஒன்றை யான் கண்டதில்லை. கால்நடை என்னுஞ் சொல்லுக்குள்ளும் பூனை அடங்குவதில்லை. நான்கு காலால் நடந்தும் அதற்கு அவ்விடத்தில் இடமில்லாமற் போயிற்று.

சென்ற மாரிகாலத்தில் ஓரிரவு, பண்டத்தரிப்பில் எம்மில்லத்துச் சாம்பல்நிறப் பெட்டைப் பூனை உணவை வெறுத்து அடுப்படியிற் சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பூனையின் உடம்புச் சூடு இயல்பாகவே நம்முடையதினும் மிகுதியானது, ஏறத்தாழ 38 முதல் 39 பாகை வரையிலானது என்பதை அன்று அறியேன். காய்ச்சலென்று துணிந்து, வீட்டிலிருந்த பரசிற்றமோல் குளிசையிற் பாதியைப் பாலிற் கரைத்துப் புகட்டினேன். பண்டிதப் பட்டம் அவ்விடத்தில் எனக்கு யாதொரு துணையுஞ் செய்திலது.

விடிந்தபோது அதன் முகம் வீங்கியிருந்தது; மூச்சு இரைத்தது. உரப்பையொன்றில் இட்டுக்கொண்டு முச்சக்கரவண்டியில் நகரத்து மிருக வைத்தியசாலையொன்றுக்கு விரைந்தேன். விறாந்தை நிறைய நாய்கள். வாங்கில் அமரப் போன என்னை ஓர் இளம்பெண் தடுத்து, பையைத் தன் இரு கைகளாலும் கீழே தாங்கி வாங்கி, உள்ளறைக்குக் கொண்டு சென்றாள். மிருக வைத்தியர் அல்லள். அங்கே பணிபுரியும் உதவியாளருள் ஒருத்தி.

பையை அவள் கவிழ்த்துக் கொட்டவில்லை. மேசைமேல் துவாயை விரித்து, பையின் வாயைத் தளர்த்திவிட்டுச் சும்மா நின்றாள். பூனை தானே தலையை நீட்டியது. துவாயால் உடலைச் சுற்றி அணைத்து, உதட்டை விலக்கி முரசைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாய் இருக்கவேண்டிய முரசு மண்ணிறமாயிருந்தது.

“ஐயா, இதுக்கு ஏதும் குளிசை குடுத்தனீங்களோ?”

“இல்லை” என்றேன். முப்பதாண்டு காலம் மாணாக்கருக்கு வாய்மை அதிகாரம் படிப்பித்த வாய் அது.

அவள் முகம் மாறவில்லை. “ஆர் குடுத்தது எண்டு நான் கேக்கேல்லை, ஐயா. என்ன குடுத்தது எண்டுதான் கேக்கிறன். தெரிஞ்சால்தான் டொக்டர் மருந்து போடலாம்.”

சொன்னேன். அடுத்த கணமே பக்கத்தறை வைத்தியருக்குச் செய்தி போயிற்று.

மனிதரின் ஈரல் அம்மருந்தை எளிதில் மாற்றிக் கழித்துவிடும். பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதியம் போதாது. கழியாது நின்ற நஞ்சு குருதியைத் தாக்க, குருதி உயிர்வளியைத் தாங்கும் ஆற்றலை இழக்கின்றது. முரசு மண்ணிறமாவது அதனாலேயே. ஒரேயொரு குளிசையும் ஒரு பூனையைக் கொல்லப் போதும். அசற்றைல்சிஸ்ரீன் என்னும் மாற்று மருந்து உண்டு. அது காலந்தாழ்த்தாது சேரவேண்டும். யான் பொய்யைப் பற்றி நின்றிருந்தால், வைத்தியர் நோயின் காரணத்தைத் தேடுவதிலேயே பொழுது கழிந்திருக்கும்.

மூன்று நாட் சென்றுவந்தேன். அங்கே கண்டவை பல. முன்னங்காலில் மயிரை மழித்து ஊசி ஏற்ற இடஞ்செய்பவரும், மூச்சை எண்ணி அட்டையிற் குறிப்பவரும், சத்திரசிகிச்சை முடிந்த பூனை மயக்கந் தெளியும்வரை அருகிருப்பவரும் இவ்வுதவியாளரே. கூடு கழுவுவதும் சிறுபணியன்று. பூனைகளின் வெண்குருதியணுக்களை அழிக்கும் கொடிய வைரசு ஒன்று, கழுவாத கூட்டில் ஓராண்டளவுங்கூட உயிர்ப்போடிருக்கவல்லது.

பிடரித் தோலைப் பற்றித் தூக்குவதே பூனையை அடக்கும் வழியென்று நாம் எண்ணியிருக்கிறோம். பூனை வைத்தியர்களின் அனைத்துலகச் சங்கத்தார் 2022 இல் வெளியிட்ட நெறிமுறைகள் அதை வேண்டாமென்கின்றன. அச்சமே பூனையைச் சீறச் செய்வது; அச்சம் தணியின் பிடியும் தளரலாம். ஆயினும் அப்பெண்ணின் முன்கைகளிற் பழந்தழும்புகள் பல இருந்தன.

இவர்களை என்ன பெயரால் அழைப்பது? பெயர் பற்றிய வழக்கு பிறநாட்டிலும் நடந்தது. பிரித்தானியாவில் 1961 இல் அரச மிருக வைத்தியர் கல்லூரி இத்தகையோருக்கு முறையான பயிற்சியை ஏற்படுத்தியபோது, தாதி என்னும் பெயர் மனிதரைப் பேணுவோர்க்கே சட்டத்தால் உரியதாயிருந்தது. எனவே விலங்குப் பேணல் துணையாளர் என்னும் பொருள்பட நீண்டதொரு பெயரைச் சுமந்தனர். மிருக வைத்தியத் தாதி என அவர்கள் வழங்கப்பெற்றது 1984 இலேதான். ஒரு சொல்லுக்கு இருபத்துமூன்று ஆண்டு!

எம்மூர் வைத்தியத்துக்குப் புதிதன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் அமர்ந்து நோயாளரைப் பார்த்தார். பின்வந்த சாமுவேல் கிறீன் 1848 முதல் மானிப்பாயிலிருந்து, நம்மவர்க்கு மருத்துவங் கற்பித்ததோடு மருத்துவ நூல்களையுந் தமிழாக்கினார். உடம்பின் உறுப்புகளுக்கெல்லாந் தமிழ்ப்பெயர் தேடிய தேசம் இது. அப்போதிக்கரி, கொம்பவுண்டர், அற்றெண்டன் என மனித வைத்தியசாலையில் நிற்போர்க்கெல்லாம் இரவற் பெயராவது வாய்த்தது. பூனையைத் தாங்கி நிற்பவர்க்கு உதவியாளர் என்னும் பொதுப்பெயரன்றி வேறில்லை. பேணுநர் என்னலாமோ? வினையடியாகப் பிறந்தது, ஓசையும் பொருந்தும். இதனினும் நல்லதைக் காணும் புலவர் எழுதுக.

நான்காம் நாட் காலை பூனையை வீட்டுக்கு அழைத்துவரச் சென்றேன். இம்முறை உரப்பையன்று, மூடியுள்ள கூடை. முரசு பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அவள் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஐயா, விசர்த் தடுப்பூசி போட்டிருக்கோ?”

“ஓம் பிள்ளை” என்று வாய்வரை வந்தது. பூனையைப் பார்த்தேன்; அவளைப் பார்த்தேன்.

“இல்லைப் பிள்ளை. ஒருமுறையும் போடவில்லை.”

அவள் தலையசைத்து அதனை அட்டையில் எழுதிக்கொண்டு, உடம்பு தேறியபின் ஊசி போடுதற்கு ஒரு திகதியையுங் குறித்துத் தந்தாள்.