கொடைக்கானலில் சிரித்த டேலியா திண்டுக்கல்லில் சாவது ஏன்?

தீபாவளிக்கு நட்டால் தை மாதம் பூ!

திண்டுக்கல்:

கோடை லீவுக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார்கள். பிரையண்ட் பூங்காவில் டேலியாவைப் பார்க்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா! விரித்த கையால்கூட மூட முடியாத அளவுக்குப் பெரிய பூ! மயங்கிப் போகிறார்கள்.

திரும்பும்போது நாலு கிழங்கு வாங்கி, துணிப்பையில் போட்டு, வத்தலக்குண்டு வழியாக பஸ்சில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்கிறார்கள். மறுநாளே தொட்டியில் நடவு. காலையில் ஒரு குடம், சாயந்தரம் ஒரு குடம் தண்ணீர்.

பதினைந்தாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்த்தால் கிழங்கு கூழ்! நாற்றம்!

"ஏங்க, இந்தக் காசுக்கு ரெண்டு கிலோ கத்திரிக்காயாவது வாங்கியிருக்கலாம்ல?" என்று வீட்டு அம்மாவிடம் ஏச்சு வேறு.

வருஷா வருஷம் மே மாதம் முடிந்ததும் பல வீட்டில் நடக்கிற கதை இது. குற்றவாளி யார்? கிழங்கு விற்ற ஆளா? திண்டுக்கல் மண்ணா? இல்லை, ராசியில்லாத கையா?

மூன்றும் இல்லை. நட்ட மாதமும், ஊற்றிய தண்ணீரும்தான்!

மலையில் பிறந்த பூ

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ நாட்டு மலைப்பகுதி. அந்த நாட்டுப் பூர்வகுடி மக்கள் இதன் கிழங்கைச் சாப்பாட்டுக்கும் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து கப்பல் ஏறி ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டுக்கு வந்தது. 1791-ம் ஆண்டு கவனில்லெஸ் என்ற தாவர நிபுணர், சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் டால் என்பவரின் நினைவாக 'டேலியா' என்று பெயர் வைத்தார். டால் 1789-லேயே காலமாகிவிட்டார். தன் பெயரில் ஒரு பூ இருப்பது அவருக்குத் தெரியாது! மெக்சிகோ அரசு 1963-ம் ஆண்டு டேலியாவைத் தேசிய மலராக அறிவித்தது.

மலையில் பிறந்த பூவுக்கு ராத்திரிக் குளிர் வேண்டும். கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி உயரம். மே மாதத்திலும் அங்கே கம்பளி தேவைப்படும். அதனால்தான் மே மாத மலர்க் கண்காட்சிக்கு அங்கே டேலியா பூத்துக் குலுங்குகிறது.

திண்டுக்கல்லோ ஆயிரம் அடிக்கும் கீழே. மே மாதம் மலைக்கோட்டைப் பாறை அனலாய்க் கொதிக்கும். வெயில் நூறு டிகிரியைத் தாண்டும். இந்த நேரத்தில் நடுவது, குளிர்ப் பிரதேசத்துக்காரரைக் கூட்டி வந்து மொட்டை மாடியில் படுக்க வைப்பது மாதிரி!

அப்படியானால் சமவெளியில் டேலியா வராதா? நன்றாக வரும். மாதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஐப்பசியில் அடைமழை கொஞ்சம் ஓய்ந்ததும் நட்டால் மார்கழிக் குளிரில் தளதளவென்று வளர்ந்து, தையில் பூக்கும். தீபாவளிக்கு நடவு, தையில் பூ. இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

மே மாதமே கிழங்கு வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். காய்ந்த மணலில் புதைத்து, வீட்டுக்குள் இருட்டான, குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அழுகியதைத் தூக்கி எறியுங்கள். சுருங்கினால் மணலில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அது போதும்.

கண் இருக்கிறதா?

கிழங்கு வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். எந்தப் பக்கம் வெட்டி நட்டாலும் முளைக்கும். டேலியாவுக்கு அப்படி இல்லை. பழைய தண்டோடு ஒட்டியிருக்கும் கழுத்துப் பகுதியில் மட்டும்தான் முளைக் கண் இருக்கும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் முளைக்கவே முளைக்காது. கொடுத்த காசு தண்டம்!

வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. சதசதவென்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கிழங்கு கிடைக்காவிட்டால் விதை வாங்கலாம். முழங்கால் உயரம்கூட வளராத குட்டை ரகங்கள் உண்டு. முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு அதுதான் லேசு. புரட்டாசிக் கடைசியில் விதைக்கலாம்.

தண்ணீர்தான் எமன்!

தொட்டி 12 அங்குல அகலமாவது இருக்க வேண்டும். அடியில் ஓட்டை அவசியம். ஓட்டையின் மேல் உடைந்த ஓடு. அதன் மேல் செம்மண், மணல், மக்கிய சாணி உரம் மூன்றும் சம அளவு. கிழங்கைப் படுக்க வைத்து, கண் மேலே பார்த்திருக்க, நாலு அங்குல ஆழத்தில் மூடுங்கள். பக்கத்திலேயே ஒரு கம்பை நட்டுவிடுங்கள். செடி வளர்ந்த பிறகு கம்பு குத்தினால் கிழங்கைக் கிழித்துவிடும்.

நட்டதும் மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். முளை வெளியே தலை காட்டும்வரை குடத்தைத் தூக்காதீர்கள்! கிழங்குக்குள்ளேயே ஈரமும் உணவும் இருக்கிறது. வேர் வராத கிழங்கால் நாம் ஊற்றும் தண்ணீரைக் குடிக்க முடியாது. அது ஊறி அழுகிவிடும். மே மாதக் கிழங்கு கூழான ரகசியம் இதுதான்.

முளைத்த பிறகும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரல் முனையில் ஈரம் ஒட்டாவிட்டால் ஊற்றுங்கள். காலையில் மட்டும், அடியில் மட்டும். இலை மேல் ஊற்றினால் நோய் வரலாம்.

குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காத்திருந்து பிடிக்கிற வீட்டில், அந்தக் குடிநீரைப் பூவுக்கு ஊற்ற மனசு வராதுதான். வேண்டியதும் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீர் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் உத்தமம்.

இன்னொரு எச்சரிக்கை! தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. செடிக்கு வேர் அழுகல், ஆளுக்கு டெங்கு! டெங்கு கொசு இந்த மாதிரித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மழைக்காலத்தில் நடுகிற செடி என்பதால் தட்டே வைக்காமல் இருப்பது நல்லது.

யூரியா ஆசை வேண்டாம்

காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். மத்தியான வெயில் வேண்டாம். கிழக்குப் பார்த்த வாசல் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மூணு நாலு ஜோடி இலை வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். பாவம் பார்க்காதீர்கள். கிள்ளினால்தான் கிளை. கிளை இருந்தால்தான் பூ. பெரிய பூ வேண்டுமானால் நடு மொட்டை விட்டுவிட்டுப் பக்கத்து இரண்டு மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும்.

சீக்கிரம் வளரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் காடாய் மண்டும், பூ வராது. மக்கிய உரமே போதும்.

இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்திப்பேன், மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயந்தரம் தெளிக்கலாம். இலையில் மஞ்சள் திட்டு விழுந்து செடியும் குறுகிப் போனால் அது வைரஸ் நோய். மருந்து கிடையாது. பிடுங்கி அப்புறப்படுத்தினால் மற்ற செடிகள் தப்பும்.

மாசி கடந்து வெயில் ஏறியதும் இலை பழுக்கும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்! தண்ணீரைக் குறைத்து, செடி காய்ந்ததும் தோண்டினால் நட்ட ஒரு கிழங்கு ஒரு கொத்தாகப் பெருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் கழுத்தும் கண்ணும் இருக்கும்படி பிரித்து, மணலில் போட்டு வையுங்கள்.

டேலியாவில் மல்லிகை வாசம் கிடையாது. அண்ணா வணிக வளாகப் பூ மார்க்கெட்டில் நிலக்கோட்டை மல்லிகை மாதிரி எடை போட்டு விலை பேசுகிற பூவும் இல்லை. வாசலில் நின்று பார்த்து மகிழ மட்டும்தான்.

ஆனால் அடுத்த தீபாவளிக்குக் கிழங்கு வாங்க மலை ஏற வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம்!